40 வாட் வால்வு ஆம்ப்பை வீட்டுல வாசிக்கற மாதிரி மாத்திக் கொடுத்த அல்சூர் ஒர்க்‌ஷாப்

பெங்களூர்ல ட்யூப் ஆம்ப் (வால்வு ஆம்ப்னும் சொல்வாங்க, கண்ணாடி வால்வு வச்சு கிட்டார் சத்தத்தை பெருக்கற பெட்டி) வச்சுக்கிட்டு அபார்ட்மென்ட்ல இருக்கற கிட்டாரிஸ்ட் யாரா இருந்தாலும் இதை முழுசா படிங்க. ஆம்ப்பை வித்துட்டு சின்னதா ஒன்னு வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தா கண்டிப்பா படிங்க.

அல்சூர்ல ஒரு சந்துக்குள்ள ஒரு அண்ணா வீட்டு முன் ரூம்லயே ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். போர்டு கிடையாது, பேரையும் நம்பரையும் பொதுவுல போடாத தம்பின்னு கேட்டுக்கிட்டார், அதனால போடல. வால்வு ரேடியோ, சர்ச்சுல வச்சிருந்த பழைய பிஏ ஆம்ப் (மைக் சத்தத்தை கூட்டம் முழுக்க கேக்க வைக்கறது) இதெல்லாம் ரிப்பேர் பார்த்து வந்த கை. தமிழ்லயே பேசலாம், அதைவிட முக்கியம் என்ன பண்ணப்போறார், ஏன் பண்றார்னு பொறுமையா சொல்லுவார்.

என்னோடது 40 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில), பவர் பக்கம் ரெண்டு 6எல்6 வால்வு, முன்னாடி மூணு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். அமெரிக்கால வாங்கின பீஸ்ங்கறதால ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓடுது. சவுண்ட் அருமை, ஆனா க்ளீன் சேனல்ல நாப் ஒன்னுல இருக்கும்போது ஒன்னுமே கேக்காது, ஒன்றரைக்கு வர்றதுக்குள்ள எதிர் வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிடுவாங்க, நடுவுல இடமே இல்ல. குழாயை லேசா திருகினதும் மொத்த தண்ணியும் கொட்டற மாதிரி.

எல்லாரும் சொல்றது என்ன, வாட்டை குறைன்னு. இதுல ஒரு கணக்கு இருக்கு. வாட்டை பாதியாக்கினா 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு லேசாத்தான் தெரியும். சத்தம் பாதியான மாதிரி நமக்கு தோணணும்னா சுமார் 10 டெசிபல் குறையணும், அதாவது வாட் பத்துல ஒரு பங்காகணும். 40 வாட்டுக்கு பதிலா 20 வாட் ஆம்ப் வாங்கினா பக்கத்து வீட்டுக்கு பெரிய வித்தியாசம் இருக்காது. கிட்டார் ஸ்பீக்கர் பலதும் 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபல் பக்கம் கொடுக்கும், 1 வாட்டே பெட்ரூமுக்கு ஜாஸ்திதான். இந்த ஆம்ப்பெல்லாம் பெட்ரூமுக்கு செஞ்சதும் இல்ல, அந்தக் காலத்துல பிஏ சிஸ்டம் அவ்வளவு பவரா இல்லாததால மேடைல ஆம்ப்பே ஹால் முழுக்க கேக்க வேண்டியிருந்துச்சு. 1965ல தி ஹூ பேண்டுக்காக மார்ஷல் 100 வாட் ஆம்ப் செஞ்சதும் அதுக்காகத்தான்.

இந்த அண்ணாவை நான் நம்ப ஆரம்பிச்சது எப்போன்னா, ஃபோன்ல முழுசா கேட்டுட்டு "தம்பி, முதல்ல காசு செலவு பண்ணாத, பின்னாடி ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன்னு ரெண்டு ஜாக் இருக்கா பாரு, நடுவுல வால்யூம் பெடல் போட்டு ஒரு வாரம் வாசி, அது பத்தலன்னா தூக்கிட்டு வா"ன்னு சொன்னப்போதான். வேற யாரா இருந்தாலும் உடனே எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பாங்க. பெடல் போட்டதும் சத்தம் கட்டுக்குள்ள வந்துடுச்சு, உண்மை, நிறைய பேருக்கு இதுவே போதும். ஆனா எனக்கு க்ளீன்லயே கொஞ்சம் முறுக்கு (லேசான டிஸ்டார்ஷன்) வேணும், பிக்கை அழுத்தினா லேசா கிழியணும், அது வரல. ஏன்னா ப்ரீஆம்ப் (சவுண்டை உருவாக்கற முன் பகுதி), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டற பின் பகுதி) ரெண்டுக்கும் நடுவுலதான் பெடல் உக்காந்திருக்கு, அந்த இடத்துக்கு அப்புறம் இருக்கற வால்வு எதுக்குமே வேலை இல்லாம போயிடுது. சரின்னு தூக்கிட்டு போனேன். சந்துல கார் போகாது, 20 கிலோ சாமான், கூட ஒரு ஆளை கூட்டிட்டு போங்க.

திறந்ததும் அவர் பண்ணின முதல் வேலை கெப்பாசிட்டரை காலி பண்றது. பிளக்கை புடுங்கியாச்சு, ஆனாலும் ஒரு கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டு இன்னொரு கையால ரெசிஸ்டர் கோத்த ஒயர ஃபில்டர் கெப்பாசிட்டர்ல மாட்டி, மீட்டர்ல வோல்ட் சரசரன்னு இறங்கி பூஜ்யத்துக்கு பக்கத்துல வர்ற வரைக்கும் ஒன்னையும் தொடல. ரெண்டு கையும் உள்ள இருந்தா கரண்ட் நெஞ்சு வழியா பாயும், அதனாலதான் ஒரு கை வெளிய. இந்த மாதிரி ஆம்ப் உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், ஆஃப் பண்ணின அப்புறமும் கெப்பாசிட்டர்ல தங்கும். வீடியோ பார்த்துட்டு வீட்டுல ஸ்க்ரூடிரைவரோட உக்காராதீங்க, ஆள் போயிடும், விளையாட்டு இல்ல.

செஞ்ச வேலைக்கு வர்றேன். முதல்ல வால்யூம் பாட் (நாப்புக்கு பின்னாடி இருக்கற திருகு ரெசிஸ்டர்). இருந்தது லீனியர் (காதுக்கு ஆரம்பத்துலயே சட்டுன்னு எகிறும்), அதை எடுத்துட்டு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைல வாங்கின நல்ல லாக் பாட் (ஆரம்பத்துல மெதுவா ஏறும்) போட்டார். இதனால ஆம்ப்போட உச்ச சத்தம் ஒரு துளிகூட குறையல, ஆனா நாப் ஒன்னுல இருந்து நாலு வரைக்கும் இப்போ நிதானமா ஏறுது, இது மட்டுமே பாதி தலைவலியை எடுத்துடுச்சு. அடுத்து முதல் வால்வு 12ஏஎக்ஸ்7க்கு பதிலா 12ஏஒய்7. முன்னதோட பெருக்கம் 100, பின்னது 45 சுமார், சாக்கெட் அதே, நீங்களே கழட்டி மாட்டிக்கலாம்.

மூணாவதுதான் பெரிய வேலை, ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு அப்புறம் ஒரு மாஸ்டர் வால்யூம். ஃபேஸ் இன்வெர்ட்டர் சிக்னலை ரெண்டா பிரிச்சு ஒன்னை தலைகீழாக்கி ரெண்டு 6எல்6க்கும் அனுப்பற ஸ்டேஜ். அதுக்கும் 6எல்6க்கும் நடுவுல ரெட்டை பாட் வச்சா அதுக்கு முந்தின ஸ்டேஜ் எல்லாம் நல்லா சூடேறி ஓடும், சத்தம் மட்டும் கடைசில குறையும், பெடல்ல கிடைக்காதது இதுல கிடைக்குது. இங்கதான் கைத்தரம் தெரியும். இது ஃபிக்ஸ்டு பயஸ் ஆம்ப், அதாவது 6எல்6ல ஓடற கரண்ட்டை கட்டுக்குள்ள வைக்க தனியா ஒரு நெகட்டிவ் வோல்ட் (பயஸ்) கொடுக்கணும், அந்த பாட் வழியாத்தான் அது 6எல்6 கிரிட்டுக்கு போகுது. பாட் தேஞ்சு உள்ள காண்டாக்ட் விட்டுச்சுன்னா பயஸ் போயி வால்வு சிவந்து எரியும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போக வாய்ப்பிருக்கு. அதுக்காக ரெண்டு பக்கமும் 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் காவலுக்கு போட்டார், கேக்காமலே போட்டார். நான் முன்னாடி விசாரிச்ச இன்னொரு இடத்துல இதைப் பத்தி கேட்டதுக்கு அதெல்லாம் தேவையே இல்லன்னாங்க. பாட்டை பின்னாடி எக்ஸ்ட்ரா ஸ்பீக்கர் ஜாக் இருந்த ஓட்டைலயே மாட்டிட்டார், சேசிஸ்ல புதுசா ஒரு ஓட்டை போடல, கழட்டின பார்ட் எல்லாம் கவர்ல போட்டு கைல கொடுத்தார், நாளைக்கு பழையபடி ஆக்கணும்னாலும் ஆக்கலாம்.

அட்டென்யுவேட்டர் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டி பவரை குறைக்கற பெட்டி) போடலாமான்னு கேட்டேன். தப்பில்ல, ஆனா ஸ்பீக்கர் ஓம்ஸுக்கு மேட்ச் ஆகணும், ஆம்ப்போட வாட்டை தாங்கணும், பவர் வால்வு முழு வேகத்துல ஓடறதால சீக்கிரம் தேயும்னார். ஸ்பீக்கர் இல்லாம மட்டும் ஓட்டாதன்னு ரெண்டு தடவை சொன்னார், அது ட்யூப் ஆம்ப்புக்கு பொது விதி.

ரிசல்ட் எப்படின்னா, ராத்திரி ஒன்பது மணிக்கு கதவை சாத்திட்டு வாசிக்கறேன், யாரும் வரல, பிக்கை மெல்ல போட்டா மணி மாதிரி க்ளீன், அழுத்தினா ஓரத்துல கிழியுது. ரொம்ப சந்தோஷம். குறையும் இருக்கு. மாஸ்டரை ரொம்ப கீழ இறக்கினா பிரசன்ஸ் நாப் (ட்ரெபிள் பளிச்சுனு கேக்க வைக்கறது) வேலையே செய்யாது, சவுண்டும் ஒல்லியாகும். இதுல ஒரு பங்கு நம்ம காதோடது, சத்தம் குறையும்போது பேஸும் ட்ரெபிளும் காதுக்கு கம்மியாத்தான் எட்டும், 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டின விஷயம். ஸ்பீக்கர் காத்தை தள்ளற அந்த உணர்வும் வராது. அதை எந்த மாடிஃபிகேஷனாலயும் கொண்டுவர முடியாது, அதையும் அவரே வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்.

மொத்தம் 6,500 ரூபா, வால்வு, பாட், கூலி எல்லாம் சேர்த்து. நல்ல அட்டென்யுவேட்டர் ஒன்னு இறக்கினா இதைவிட பல மடங்கு ஆகும். இன்னொரு குறை டைம், சொன்ன தேதிக்கு தரல, 12ஏஒய்7 வெளிய இருந்து வரணும்னு இழுத்துச்சு, அடுத்த வாரம் கச்சேரி இருக்கறவங்க கொடுக்காதீங்க. பில், வாரண்டி எதுவும் கிடையாது, ஆனா மாஸ்டர் பாட்ல லேசா கரகரன்னதுக்கு திரும்ப கொண்டுபோனப்போ காசு வாங்காம சரி பண்ணிக் கொடுத்தார்.

போறதா இருந்தா உங்க மாடலோட சர்க்யூட் டயகிராமை பெருசா பிரிண்ட் எடுத்துட்டு போங்க, ஃபோன்ல காட்டினா அந்த சின்ன எழுத்து அவர் கண்ணுக்கு தெரியாது. ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுக்கு போயிடுவார், மதியத்துக்கு மேல போங்க.