வைஃபை பெட்டின்னு சொல்லி ப்ளூடூத் டப்பாவ 7,400 ரூவாய்க்குத் தலைல கட்டிட்டாவ, பாத்து வாங்குங்க

டைப் பண்ணவே கை நடுங்குது. 7,400 ரூவா. கடை பேரு போடல, போட்டா எங்க மேலயே கேஸு கீஸுன்னு வருவாவ, அதுக்கு அலைய அப்பாவுக்கு ஒடம்பு தாங்காது, திருநெல்வேலில ஆம்ப்ளிஃபையரு ஸ்பீக்கரு விக்கிற ஒரு கடைன்னு மட்டும் வச்சுக்கிடுங்க. கம்ப்யூட்டர்லேருந்து வீட்டு ஸ்டீரியோவுக்கு வயரு இல்லாம பாட்டு அனுப்பணும்னு நெனைக்கிற யாரா இருந்தாலும் இத முழுசா படிச்சுட்டு கடைக்குப் போங்க.

எங்க வீடு பாளையங்கோட்டைல, பழைய வீடு, செவரு எல்லாம் நல்ல கனம். கம்ப்யூட்டரு மச்சுல இருக்கு, அப்பாவோட ஸ்டீரியோ கீழ தார்சால. அப்பா வருசக்கணக்கா சேத்த சிடி எல்லாத்தையும் நான் தான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சேன், ஃபிளாக் ஃபைலா, தரம் கொஞ்சங்கூட கொறையாம. காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம்னா அப்பாவுக்கு உசுரு. அத கீழ ஈசிசேர்ல சாஞ்சுக்கிட்டு கேக்கணும், அவ்வளவுதான் அவருக்கு வேணும்.

ப்ளூடூத்து இதுக்கு ஆவாதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும். சாதாரணமா பத்து மீட்டரு தான் எட்டும், நடுவுல ரெண்டு செவரு வந்தா அதுவும் கெடையாது. போதாக்கொறைக்கு சிடி பாட்டுன்னா செகண்டுக்கு 1,411 கிலோபிட்டு, ப்ளூடூத்துல பாட்டச் சுருக்கி அனுப்ப பொதுவா ஓடுற எஸ்பிசிங்கிற முறைல 328 கிட்ட தான் போகும், மிச்சத்த வெட்டிப் போட்டுரும். வைஃபைன்னா வீட்டு ரௌட்டர் வழியா போறதால சிக்னல் எட்டுற எடத்துக்கெல்லாம் பாட்டும் எட்டும், சிடில இருக்க மாதிரியே முழுசா வரும். இது ஒண்ணும் புதுசு இல்ல, வைஃபைல பாட்டு அனுப்ப ஆப்பிள் 2004லயே ஏர்டியூன்ஸ்னு கொண்டாந்தது தான் 2010ல ஏர்ப்ளேன்னு ஆச்சு, கூகிளும் 2015ல குரோம்காஸ்ட் ஆடியோன்னு சின்னதா ஒரு வட்ட டப்பா விட்டாவ, ஸ்டீரியோவுல சொருகுனா வேல முடிஞ்சுது, நல்ல சாமான், 2019ல அத நிறுத்திட்டாவ. அது நின்னதுக்கு அப்புறம் அந்த மாதிரி ஒண்ணு வேணும்னா தேடி அலைய வேண்டியிருக்கு, இந்தக் களவாணித்தனம் எல்லாம் அந்த எடத்துல தான் நொழையுது.

கடைல நடந்தத சொல்லுதேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். ஓனரு அப்பாவப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்க அண்ணாச்சி உக்காருங்கன்னு சேர இழுத்துப் போட்டாரு, டீ வந்துச்சு. கறுப்புப் பெட்டி ஒண்ண எடுத்து வச்சாரு, பின்னால ரெண்டு ஆன்டெனா நீட்டிக்கிட்டு நிக்கி, செவப்பு வெள்ள ஆர்சிஏ சாக்கெட்டு இருக்கு, அட்டைல வைஃபை படம் போட்டிருக்கு. ஏர்ப்ளே இருக்கான்னேன், இருக்குன்னாரு. டிஎல்என்ஏ, அதான் வீட்டு நெட்வொர்க் வழியா பாட்டு அனுப்புற இன்னொரு முறை, அது இருக்கான்னேன், அதுவும் இருக்குன்னாரு. தன்னோட போன்லேருந்து நாகசுரமே போட்டுக் காட்டுனாரு, அப்பா கண்ண மூடி தலையாட்ட ஆரம்பிச்சுட்டாவ. ஒரே ஒரு கேள்வி தான் அப்பா கேட்டாவ, தம்பி, மச்சுலேருந்து கீழ வருமான்னு. அதுக்கு அந்த ஆளு அப்பா கையப் புடிச்சுக்கிட்டு சொன்னத அப்படியே எழுதுதேன்: "தைரியமா கொண்டு போங்க அண்ணாச்சி, வரலன்னா நானே வந்து மாட்டித்தாரேன், அப்பவும் ஓடலன்னா துட்ட எண்ணி உங்க கைல தாரேன்." அப்பா பென்ஷன் துட்டுலேருந்து 7,400 ரூவாய எண்ணிக் குடுத்தாவ.

வீட்டுல வந்து மாட்டுனா நீல லைட்டு மினுக்குது, அத வுட்டா ஒண்ணும் இல்ல. வைஃபை பாஸ்வேர்டு போட வழியே கெடையாது. ரௌட்டர் பேஜ தொறந்து பாத்தா டிவி இருக்கு, எங்க போனெல்லாம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, இந்தப் பெட்டி மட்டும் இல்ல. கம்ப்யூட்டர்ல ப்ளூடூத்த ஆன் பண்ணேன், உடனே பேரோட வந்து நிக்கி. அப்பத்தான் வெளங்குச்சு, கடைல ஓடுனதும் ப்ளூடூத்து தான், போனும் பெட்டியும் ஒரே மேசைல இருந்தா ஓடத்தான செய்யும். மச்சுலேருந்து போட்டா நாகசுரத்துக்கு விக்கல் எடுத்த மாதிரி விட்டு விட்டு வருது. அப்பா ஒண்ணும் சொல்லாம ஸ்டீரியோவ ஆஃப் பண்ணிட்டாவ. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த ஆன்டெனாவத் திருகிக் கழட்டுனேன், உள்ள வயரே கெடையாது, வெறும் பிளாஸ்டிக் குழாய். ரெண்டும் அப்படித்தான். சும்மா ஒப்புக்கு மாட்டி வச்சிருக்கானுவ. சில நூறு ரூவாய்க்குக் கெடைக்கிற ப்ளூடூத் டப்பாவுக்கு 7,400 ரூவா!

கடைக்குப் போன் போட்டா மொதல்ல உங்க ரௌட்டரு சரியில்லன்னாவ. அப்புறம் கம்ப்யூட்டர்ல டிரைவரு போடணும்னாவ, எந்த டிரைவருன்னு கேட்டா பதில் இல்ல. அடுத்தால அப்டேட் வரும், வந்தா வைஃபை தானா வந்துரும்னாவ, வைஃபை சிப்பே இல்லாத பெட்டிக்கு எங்கேருந்துங்க அப்டேட்டு வரும். நேருல போனா ஓனரு திருச்செந்தூரு போயிருக்காவ, தென்காசிக்கு சரக்கு எடுக்கப் போயிருக்காவ. கடைசில ஆள மடக்கிப் புடிச்சேன். பெட்டியப் பிரிச்சாச்சுல்லா அண்ணாச்சி, இனிமே எடுக்க முடியாது, வேணும்னா அதுக்கு ஈடா ஸ்பீக்கர் ஏதாவது எடுத்துக்கிடுங்கன்னு போனப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு. அப்பா கையப் புடிச்சு சொன்னீயளே, துட்ட எண்ணித் தாரேன்னு, அது என்னாச்சுன்னு கேட்டேன். அது வியாபாரத்துல சொல்லுறது தானன்னுட்டாரு. இத எங்க அப்பாட்ட நான் எப்படிப் போய் சொல்ல? இன்னும் சொல்லல. ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டாச்சு. அதுல சரியாவலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸு கெடையாது. பில்லுல "வயர்லெஸ் ரிசீவர்"னு மட்டும் எழுதியிருக்கான், வைஃபைங்கிற வார்த்தையே இல்ல, வேணும்னே தான் செஞ்சிருக்கான்.

வாங்கப் போறவங்க என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப அந்தப் பொறும இல்ல, முக்கியமானத மட்டும் சொல்லுதேன். வயர்லெஸ்னு போட்டிருந்தா வைஃபைன்னு நம்பிராதீய, ப்ளூடூத்தும் வயர்லெஸ் தான். கடைல இருக்க வைஃபைல அந்தப் பெட்டியச் சேக்கச் சொல்லுங்க, ரௌட்டர் லிஸ்டுல அது பேரு வருதான்னு கண்ணால பாருங்க. பில்லுல வைஃபை, ஏர்ப்ளேன்னு எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா வெளிய வந்துருங்க. அட்டையத் தூரப் போட்டுராதீய. போட்டுக் காட்டும்போது கடைக்காரரு போன்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணச் சொல்லுங்க, அப்பவும் பாட்டு நிக்காம ஓடுச்சுன்னா மட்டும் துட்டக் குடுங்க.