மாவட்டத்துக்கு ஒரே மார்க் போதுமா? காலநிலைப் பாதிப்புக் குறியீடு, வேலூர்க் கண்ணோட்டத்தில்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021இல் வெளியிட்ட காலநிலைப் பாதிப்பு மதிப்பீட்டு முறையில் 14 காரணிகள் உண்டு. வறுமை, சிறு குறு நிலங்களின் பங்கு, மானாவாரிப் பரப்பு, பயிர்க் காப்பீடு, 100 நாள் வேலை, சாலை ரயில் அடர்த்தி, சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை.

கணக்கு எளிது. மானாவாரிப் பரப்பு மிகக் குறைந்த மாவட்டத்தில் 10%, மிக அதிகமான மாவட்டத்தில் 60%, நம்முடையது 30% என்று வைத்துக்கொள்வோம். நம் மதிப்பு (30−10)÷(60−10) = 0.4; 1ஐ நெருங்க நெருங்கப் பாதிப்பு அதிகம். இப்படி வரும் 14 மதிப்புகளின் சராசரிதான் குறியீடு. சுகாதாரப் பணியாளர் போல, கூடினால் நல்லது என்ற காரணிகளுக்குக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்தால் நன்றாக இருக்கும் மாவட்டம் பட்டியலில் மோசமாகத் தெரியும். ஒப்பிடும் மாவட்டங்கள் மாறினாலும் மதிப்பு மாறும். அதனால் இரண்டு அறிக்கைகளின் எண்களை அருகருகே வைத்து, நிலைமை மோசமாகிவிட்டதென்று முடிவு கட்டக் கூடாது.

மாவட்டங்களுக்கு இடையே நிதியைப் பிரிக்க இது நல்ல கருவி. ஊராட்சித் திட்டம் போடப் போதாது.

முதல் கோளாறு தண்ணீரில். அந்த 14இல் நிலத்தடி நீர்மட்டம் இல்லை. பாசனம் உள்ள நிலம் என்றாலே பாதுகாப்பான நிலம் என்று குறியீடு எடுத்துக்கொள்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இங்கே, பாசனம் என்றால் கிணறும் போர்வெல்லும்தான். ஆழத்துக்கு மேல் ஆழம் போட்டு ஓட்டும் நிலம் தாங்கும் நிலமாகக் கணக்கில் ஏறுகிறது. பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு) வாரியான நிலத்தடி நீர் மதிப்பீட்டை ஒரு காரணியாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதில், ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் எடுப்பு 70% வரை பாதுகாப்பு, 100% தாண்டினால் மிகை நுகர்வு.

அடுத்தது சராசரி. சி.எம்.சி. மருத்துவமனையும் காட்பாடி சந்திப்பும் பெங்களூரு நெடுஞ்சாலையும் மாவட்டத்தின் மதிப்பைத் தூக்கிவிடுகின்றன. அதே மாவட்டத்தின் அல்லேரி மலையில் 2023இல் பாம்பு கடித்த குழந்தையை விரைவாகக் கீழே கொண்டுவரச் சரியான சாலை இல்லை, குழந்தை இறந்தது. இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மலை கண்ணில் படாமலே போகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களிலும் எச்சரிக்கை தேவை. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிவதற்கு முந்தைய பெரிய வேலூர் அது. தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டினால்தான் இன்றைய எல்லைக்குப் பொருந்தும்.

100 நாள் வேலையை நாள் கணக்கில் மட்டும் அளந்தால், வேலூரின் நாகநதி ஆற்றில் பெண்கள் கட்டிய நீர் செறிவூட்டும் கிணறும் சாலையோரப் புல் வெட்டலும் ஒன்றாகிவிடும்.

ஊராட்சி தன் எண்ணைத் தானே எடுக்கலாம். ஐந்து திறந்தவெளிக் கிணறுகளில் மே மாதமும் ஜனவரியும் நீர்மட்டம் அளக்க வேண்டும். இரவு முழுக்க மோட்டாரை நிறுத்தி, காலையில் போடுவதற்கு முன் அளப்பது முக்கியம். மோட்டார் ஓடிய கிணறு பொய்யான ஆழம் காட்டும். கைப்பிடிச் சுவரில் பெயின்ட் குறி வைத்து எப்போதும் அங்கிருந்தே டேப்பை இறக்கி, சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தும் ஜனவரியில் மட்டம் ஏறவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஏரியின் வரத்துக் கால்வாயை.