சீட் கவருக்குள் தைத்து மூடப்பட்ட ஏர்பேக்: புதிய கார் வாங்கியவர்கள் கவனத்துக்கு

புதிதாகக் கிராஸ்ஓவர் கார் வாங்கி, அதற்குக் கூடுதல் பொருள்கள் பொருத்தக் கிளம்பும் குடும்பத்தினர் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 'ஃபேமிலி பேக்கேஜ்' என்ற பெயரில் ஒரு கடை என் காரில் செய்த வேலையால் முன் இருக்கைகளின் பக்கவாட்டு ஏர்பேக் தையலுக்குள் அடைபட்டது. ஹெட்லைட் வயரிங் வெட்டப்பட்டது. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. பணம் போனது ஒரு பக்கம். அந்த நிலையிலிருந்த காரில் என் மனைவியும் மகளும் பயணம் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

முதலில் சீட் கவர். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் பெரும்பாலும் அது முன் இருக்கையின் முதுகுப் பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்து மெத்தைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால், முன்னால் இருப்பதைப் போல நீண்ட பானெட்டோ என்ஜினோ அங்கே அடியைத் தாங்க இருப்பதில்லை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். அதனால் ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் அந்தப் பை தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விரிந்தாக வேண்டும். இதற்கென்றே செய்யப்படும் கவர்களில் அந்த ஓரம் திறந்து விடப்பட்டிருக்கும்; அல்லது எளிதில் அறுந்துவிடும் நூலால் தனியாகத் தைக்கப்பட்டிருக்கும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே நான் இதைக் கேட்டேன். "சார், உங்கள் மாடலுக்கென்றே தைத்தது. ஏர்பேக்குக்கு எந்தத் தடையும் இருக்காது, பயப்படாதீர்கள்" என்றார் கடைக்காரர். சில வாரங்களில் டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. அணையவே இல்லை. சர்வீஸ் சென்டரில் கவரைக் கழற்றிய மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏர்பேக் வெளிவரும் ஓரம் முழுவதும் தடித்த நைலான் நூலால் இரட்டைத் தையல். இருக்கைக்கு அடியில் கவரின் எலாஸ்டிக் பட்டையை இழுத்துக் கட்டும்போது, அங்கிருந்த மஞ்சள் நிறக் கனெக்டரும் பாதி கழன்றிருந்தது. ஏர்பேக் வயர்களுக்கு வழக்கமாக மஞ்சள் நிறம் கொடுப்பதே, யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். கார் சீட்டுகளிலேயே வேலை செய்யும் கடைக்கு இது தெரியாது என்பதை நான் நம்பவில்லை. தெரிந்தும் சொன்ன பொய் அது.

ஹெட்லைட் விவகாரம் இதைவிடக் குறைந்ததல்ல. என் காரில் இருந்தது எச்-4 வகை ஹாலஜன் பல்பு. அந்த வகை விளக்கின் பிரதிபலிப்பான், பல்புக்குள் இருக்கும் கம்பி இழை எந்த இடத்தில் ஒளிர்கிறதோ அந்த இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. அதே துளையில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் பரப்பும் மாறிவிடும். வண்டிக்கு முன்னால் இருக்கும் தரை பளீரென்று தெரியும். அதைக் காட்டித்தான் கடையில் விற்கிறார்கள். தூரத்தில் வெளிச்சம் போதாது, எதிரே வருபவருக்கோ கண் கூசும். அதற்குமேல், கப்ளர் (வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) வைத்து இணைப்பதாகச் சொல்லிவிட்டு, காரோடு வந்த வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒரு வயரில் ஃப்யூஸே இல்லை. அந்த வயரின் உறை உராய்ந்து உலோகத்தில் பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க அங்கே எதுவும் கிடையாது. தீப்பிடிப்பதற்கு வேறு காரணமே வேண்டாம். வெட்டிய வயரிங் தொகுதிக்கு இனி வாரண்டி பொருந்தாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருவேளை நீங்கள் எல்.இ.டி. வேண்டாமென்றால், 100/90 வாட் ஹாலஜன் போடலாம் என்பார்கள். முதல் எண் ஹை பீமுக்கு, இரண்டாவது லோ பீமுக்கு. எச்-4 பல்பின் வழக்கமான அளவு 60/55 வாட். 12 வோல்ட்டில் 55 வாட்டுக்கு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் ஓடும். 90 வாட்டுக்கு 7.5 ஆம்பியர். பழைய வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அடுத்து அலாய் வீல். காரோடு வந்தது 215/65 ஆர்16. அதாவது டயரின் அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், வீலின் விட்டம் 16 அங்குலம். கடைக்காரர் மாட்டியது 235/60 ஆர்18. "இரண்டு இன்ச்தான் கூடுதல்" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 686 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் 739 மி.மீ. கிட்டத்தட்ட 8 சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருள்வதால், வேகமானி முன்பு 100 காட்டியபோது ஓடிய வேகத்துக்கு இப்போது 93 என்றுதான் காட்டும். ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பினால் டயர் உள் மட்கார்டில் உரசியது. மொத்த விட்டத்தின் வேறுபாடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டயர் வேலை தெரிந்தவர்கள் பின்பற்றும் வரம்பு. 18 அங்குலம்தான் வேண்டுமென்றால் 215/55 ஆர்18 போட்டிருக்கலாம். விட்டம் 694 மி.மீ. அளவில் நின்றிருக்கும். இந்தக் கணக்கை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. கையிருப்பில் கிடந்ததைத் தள்ளிவிட்டார்.

கால் வைக்கும் தரை விரிப்பையும் (மேட்) அப்படியே, காரோடு வந்த விரிப்பின் மேலேயே விரித்துவிட்டார்கள். ஓட்டுநர் பக்க மேட் முன்னால் நகர்ந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதி அதில் சிக்கி, காலை எடுத்தாலும் மேலே வராது. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் மேட் சிக்கும் அபாயத்துக்காகவே பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரே ஒரு மேட், அதுவும் தரையிலுள்ள கொக்கியில் மாட்டப்பட்ட மேட். அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

பெயின்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. '9எச் கடினம், கல் பட்டாலும் கீறாது' என்றார்கள். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சில மைக்ரான் தடிமனுள்ள பூச்சு நீரை ஓடவிடும், கழுவுவதை எளிதாக்கும். தெறிக்கும் கல்லைத் தடுக்காது. அதற்குப் பல மடங்கு தடிமனான பாலியூரித்தேன் ஃபிலிம் (பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) வேண்டும். காரின் அடிப்பக்கத்தில் துருவுக்கு எதிராக அடித்த பூச்சில்தான் உண்மையான கேடு: கதவின் அடியிலும் பக்கச் சட்டங்களிலும் நீர் வடிவதற்கென்று விடப்பட்ட துளைகளையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். துருவைத் தடுக்கப் பூசியது தண்ணீரை உள்ளேயே தேக்கி வைத்தது.

குடும்பத்துக்கு உண்மையிலேயே பயன்படும் பொருள்களை அந்தக் கடையில் யாரும் எடுத்துக்கூடக் காட்டவில்லை. குழந்தையின் உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தி, ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (சைல்டு சீட்டுக்கென்றே கார் இருக்கையில் இருக்கும் கொக்கி) உறுதியாக மாட்டும் சைல்டு சீட். பின்பக்கச் சாமான்கள் முன்னால் பறந்து வராமல் தடுக்கும் வலை. டயர் காற்றழுத்தம் பார்க்கும் கருவி, சிறிய ஏர் பம்ப். லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) உள்ள டேஷ்கேம், அதாவது சாலையைப் பதிவு செய்யும் கேமரா. வெயிலில் நிற்கும் காரில் அதுதான் தாக்குப்பிடிக்கும். டேஷ்கேம் மாட்டுபவர் முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயரைச் செருகும்போது பக்கத்தில் நில்லுங்கள். அங்கே திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல் விரியும் பை) இருந்தால் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகக் கூடாது. என்னைக் கேட்டால், மேலே அலங்காரத்துக்குக் கொட்டிய பணத்தில் காரோடு வந்த அளவிலேயே நல்ல டயர் நான்கு வாங்குவது மேல். ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பது டயர்தான்.

புகார் சொல்லப் போனபோது கடைக்காரர், "ஏர்பேக் விளக்கு எரிவது வண்டியின் கோளாறு, நாங்கள் சீட்டைத் தொடவே இல்லை" என்றார். பில்லைப் பார்த்தால் 'ஆக்சசரீஸ் பேக்கேஜ் - 1' என்று ஒற்றை வரி. சீட் கவரின் பெயரோ டயர் அளவோ வயரிங் வேலையோ அதில் இல்லை. தகராறு வந்தால் தப்பிக்கவே அப்படி எழுதுகிறார்கள். ஒவ்வொரு பொருளையும் அதன் அளவோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, புதிய வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது, ஃப்யூஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். சீட் கவரின் ஓரத்தை விரலால் தடவினால் தையல் தெரிந்துவிடும்.

எனக்கு உதவியது சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிய அறிக்கை மட்டுமே. கழன்ற கனெக்டர், தைத்து மூடிய கவர், வெட்டிய வயர் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து அதில் சேர்க்கச் சொன்னேன். அதைப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் வீலையும் டயரையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். கவருக்கும் வயரிங் வேலைக்கும் இன்றுவரை தரவில்லை. அந்த அறிக்கையை இணைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.