மூட்டை அவிழ்க்காமல் கணக்குப் பார்த்த கதை: இசட்டிஃப்

யாங்கோன் பயின்னவுங் சந்தையில் ஒரு பயறு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வரவேட்டைப் பென்டிரைவுக்கு நகலெடுத்து, இங்கும் அங்கும் தனித்தனியே, கோப்புகளைச் சுருக்கும் ஜிஸிப் நிரலில் சுருக்கி வைப்பது வழக்கம். "ரெண்டும் ஒன்றுதானே தம்பி?" என்று முதலாளி கேட்டார். "ஒன்றுதான் ஐயா" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் சோதித்தேன்.

இரு கோப்புகளைப் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் சிஎம்பி கட்டளையை வெறுமனே கொடுத்தால் ஜோடிக்கு ஜோடி ஐந்தாவது பைட்டிலேயே வேறுபாடு என்றது. வயிற்றைக் கலக்கியது. ஜிஸிப் கோப்பில் 5 முதல் 8 வரையுள்ள பைட்டுகள் மூலக் கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நகலெடுத்தபோதே நேரம் மாறிவிட்டது; கணக்கு மாறாவிட்டாலும் சிஎம்பி வேறுபாடு என்றே சொல்லும். சுருக்கும்போது, நேரத்தைப் பதியாமல் விடும் -என் விருப்பத்தைச் சேர்த்திருந்தால் இந்தப் பயமே இல்லை.

இசட்-சிஎம்பி, இசட்டிஃப் என்ற கட்டளைகள் சுருக்கிய கோப்புக்கு உள்ளிருப்பதை விரித்து ஒப்பிடுகின்றன. 1992இல் வெளிவந்த ஜிஸிப்பின் கூடப்பிறந்தவை போல அதனுடனேயே கிடைக்கின்றன, காசு இல்லை. ஒன்றாக இருந்தால் வாயே திறப்பதில்லை. முப்பது ஜோடிகளில் இருபத்தொன்பது மௌனம். ஒன்றில் மட்டும் இசட்டிஃப் காட்டியது:

412சி412
< உளுந்து 37 வீசை
---
> உளுந்து 73 வீசை

குறையும் உண்டு. வேறுபாட்டை அக்கம்பக்க வரிகளோடு காட்டும் -யு கொடுத்தால் தலைப்பில் கோப்புப் பெயர் வருவதில்லை. ஒரு பக்கம் /டெவ்/எஃப்டி/5, மறுபக்கம் வெறும் கோடு. எது கணினி, எது பென்டிரைவ் என்று நாமே நினைவில் வைக்க வேண்டும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கட்டுகளிடம் இதன் பருப்பு வேகாது: பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன என்பதோடு முடித்துக்கொள்கிறது. பர்மிய எழுத்தில் உள்ள விலைப்பட்டியல்களில் இன்னொரு கூத்து. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது. பழைய பட்டியல்கள் ஸாஜி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு ஒரே சொல், இசட்டிஃப்புக்கு வரிக்கு வரி வேறு. அது இசட்டிஃப்பின் குற்றமில்லை.

முப்பத்தேழா எழுபத்துமூன்றா என்று அது சொல்லாது. கிடங்கில் போய் எடைச் சீட்டைத் தேடினேன். எழுபத்துமூன்று. கணினியில் இருந்ததுதான் பிழை, நான் அடித்தது.