கருப்பட்டிக்கு வாங்கிய நாலு ஷூ

போன வருடம் மாசி மாதம், மதுரையில் நாய்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் எங்கள் நாய் கருப்பட்டிக்கு ஷூ வாங்கினேன். நாலு காலுக்கும் சேர்த்து ஒரு செட், 680 ரூபாய். மேலே வலைத்துணி, அடியில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் சோல், கணுக்காலைச் சுற்றிக் கட்ட வெல்க்ரோ பட்டை. ஒரு வருடத்துக்கு மேல் போட்டுப் பார்த்தாகிவிட்டது. தார் ரோட்டில் நடக்கிற நாய்க்குத் தாராளமாக வாங்கலாம். தேரி மாதிரி சுடுமணலுக்குக் கூட்டிப் போகிறவர்கள், வாங்கும் முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கருப்பட்டி டாஷண்ட் ஜாதி, குட்டைக் கால், நீள உடம்பு. வயது ஐந்து, எடை எட்டு கிலோ. நிறமே கருப்பட்டி நிறம், அதனால்தான் மகள் அந்தப் பேரை வைத்தாள். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள், இவள் எங்களிடம் இருக்கிறாள்.

நான் தையல்காரன். முப்பது வருடம் புதுமண்டபத்தில் ஒரு தூணடியில் மெஷின் போட்டிருந்தேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது நானும் அங்கே போய்விட்டேன். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் சித்திரைத் திருவிழாவில் போடும் உடுப்பு தைப்பதுதான் எனக்கு முக்கியமான வேலை. அதனால் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கிற பழக்கம். இந்த ஷூவில் சோலையும் துணியையும் பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு ஓட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள். அது உறுதியாகத்தான் இருக்கிறது, இன்றுவரை விடவில்லை. வெல்க்ரோ பட்டையை ஷூவோடு சேர்த்த இடம்தான் சரியில்லை. இழுவிசை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் விழுகிறது. அங்கே பெட்டி மாதிரி நாலு பக்கமும் ஓட்டி, நடுவில் குறுக்காக இரண்டு தையல் போட்டிருக்க வேண்டும். ஒரே நேர்த்தையலோடு விட்டிருக்கிறார்கள். இரண்டு ரூபாய் நூலில் முடிகிற வேலை அது.

அளவு எடுப்பதில் பெரும்பாலானவர்கள் தவறிவிடுவார்கள். கடையில் நாயின் காலைத் தூக்கிப் பிடித்து அளந்தார்கள். மனுசனுக்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு அளவு, நிற்கும்போது ஒரு அளவு. நாயின் பாதம் எடை விழுந்தால் விரிந்துவிடும். வீட்டுக்கு வந்து பேப்பர் மேல் நிறுத்தி, ஒரு முன்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற முன்காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். முன்பாதம் அகலம் இரண்டேகால் இஞ்ச், பின்பாதம் ஒன்றேமுக்கால். மண்ணைத் தோண்டி வளைக்குள் போவதற்காகவே வளர்த்தெடுத்த ஜாதி, அதனால் முன்கால் அகலம். செட்டில் நாலும் ஒரே அளவு, பின்னங்காலில் போட்டால் கழன்று விழுகிறது. மறுநாள் கொண்டுபோய்ச் சொன்னதும், கடைத் தம்பி இரண்டு செட்டைப் பிரித்து முன்னுக்குப் பெரிசு, பின்னுக்குச் சிறிசு என்று மாற்றிக் கொடுத்தார். கூடுதலாகக் காசு கேட்கவில்லை. அந்தக் கடைக்கு இதற்காகவே திரும்பப் போவேன்.

முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே பழக்கினேன். முதல் நாள் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறினாள், அப்புறம் கொக்கு மாதிரி நடந்தாள், நாலாம் நாள் மறந்துவிட்டாள். அதற்கப்புறம் சாயங்காலம் காமராசர் சாலையிலிருந்து தெப்பக்குளம் வரை நடை. பங்குனி வெயிலில் ஐந்து மணிக்கும் தார் ரோடு சுடும். ஷூ இல்லாதபோது நிழல் விட்டு நிழல் ஓடுவாள், நடுவில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்குவாள். ஷூ போட்டபின் நிம்மதியாக நடந்தாள். தெப்பக்குளத்தைச் சுற்றி வந்து கழற்றிப் பார்த்தால் பாதத்தில் சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. ஊருக்குள் இந்த ஷூ சொன்ன வேலையைச் செய்கிறது.

இந்த நம்பிக்கையில்தான் தேரிக்குக் கூட்டிப் போனேன்.

எங்கள் அப்பா காயாமொழிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு மதுரை வந்தவர். குலதெய்வம் அங்கேயே இருக்கிறது, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். பங்குனி உத்திரத்துக்கு எந்த வேலை இருந்தாலும் போய்விடுவோம். கருப்பட்டியை ஒரு தடவை நாய் விடுதியில் விட்டுப் போனதில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அதிலிருந்து எங்கே போனாலும் கூடவே வருவாள்.

தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திருச்செந்தூருக்கு மேற்கே, நாசரேத், உடன்குடிப் பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் மேடு. மண் என்று சொன்னாலும் மாவு மாதிரி மணல்தான். இரும்புத் துரு ஒவ்வொரு மணலிலும் படிந்து அந்தச் சிவப்பு. காற்று கொண்டுவந்து குவித்த மேடு, இன்றும் காற்றில் நகர்கிறது. பனை, உடைமரம், கொல்லாமரம், இடையில் வெறும் மணல். மழைக் கணக்கு பார்த்தால் அது பாலைவனம் இல்லை. வருடத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால்தான் பாலைவனம் என்பார்கள், இங்கே அதைவிட நல்ல மழை உண்டு. ஆனால் பெய்த மழை மேலே நிற்காது, மணல் குடித்துவிடும். பங்குனி மத்தியானத்தில் அங்கே நிற்கிற நாய்க்கு அது பாலைவனம்தான்.

மதுரையிலிருந்து திருச்செந்தூர் பக்கம் சுமார் 180 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அந்தப் பயணத்தில் நான் செய்த முதல் தப்பு அது, நாலு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். அருப்புக்கோட்டை தாண்டிக் கரிசல் காட்டில் ஒரு தடவை, எட்டயபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் ஒரு தடவை நிறுத்தினோம். இரண்டு இடத்திலும் ஷூவைப் போட்டு இறக்கினேன், நன்றாக நடந்தாள். தூத்துக்குடி, ஆத்தூர் வழியாகப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றேகால். உத்திரக் கூட்டம். வண்டியை வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம்.

முதல் ஐந்து நிமிடம் கருப்பட்டி எனக்கு முன்னாலேயே போனாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செருப்புக்குள் மணல் ஏறி என் கால் பொரிகிறது, இவள் பாட்டுக்கு நடக்கிறாள். பத்தாவது நிமிடம் நின்றாள். நாக்கு முழுசாக வெளியே வந்து, நுனி அகலமாகி, அடர்சிவப்பாக இருந்தது. எச்சில் நூல் மாதிரி தொங்கியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்படியே மணலில் படுத்துவிட்டாள்.

பனையடியில் பதநீர் விற்ற ஒரு ஆச்சிதான் முதலில் சத்தம் போட்டார். "தம்பி, வாயில்லாச் சீவன இந்த மணல்ல நடத்திக் கூட்டிட்டு வாரியளே, தூக்குங்க மொதல்ல!" தூக்கினேன். வயிற்றில் கை வைத்ததும் எனக்குப் பகீரென்றது. தோசைக்கல்லில் இருந்து எடுத்த மாதிரி சூடு. டாஷண்டின் வயிற்றுக்கும் தரைக்கும் சாதாரணமாகவே நாலு விரல் இடைவெளிதான். மணலில் கால் புதைந்தால் அதுவும் இல்லை. பாதம் நாலையும் மூடிவிட்டு, வயிறு முழுவதையும் அனல் மேல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

கொல்லாமர நிழலில் போட்டோம். ஷூ நாலையும் கழற்றினேன், உள்ளே கைப்பிடி மணல். என் வீட்டுக்காரி மருத்துவருக்குப் போன் போட்டாள். அவர் சொன்னபடி வயிறு, தொடை இடுக்கு, பாதம், மூன்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்தோம். ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்றார். ஈரத் துண்டால் போர்த்தி மூடாமல், நனைத்து நனைத்துத் துண்டால் விசிறினோம். குடிக்க ஒரு மடக்கு, நிறுத்தி இன்னொரு மடக்கு. ஆச்சி தன் குடத்துத் தண்ணீரைக் கேட்காமலே ஊற்றினார். பனையோலைப் பட்டையில் பதநீரும் நீட்டினார், அதை நான் குடித்தேன், இவளுக்குக் கொடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் வாலை அசைத்தாள். அதன்பிறகும் விடாமல் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனோம். அங்கே பார்த்தபோது சூடு 103.2 டிகிரி. நாய்க்குச் சாதாரணமாக 101 முதல் 102.5 வரை இருக்கும். தணிந்த பிறகே 103 என்றால், அந்த மணலில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அன்றைக்கு என் வீட்டுக்காரி கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்க, நான் ஒருத்தன் மட்டும் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்ததில் ஒன்று புரிந்தது. ஷூ இல்லாமல் இறக்கியிருந்தால் கருப்பட்டி அந்த மணலில் பத்து அடி தாண்டியிருக்க மாட்டாள். கால் சுட்டதும் நின்று, என்னைப் பார்த்து, தூக்கு என்று கத்தியிருப்பாள். ஷூ அந்தச் சூட்டை அவளுக்குத் தெரியாமல் செய்துவிட்டது. கால் சுடாததால் நடந்தாள், நடந்ததால் உடம்பு கொதித்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்தப் பாதத்தையும் ரப்பருக்குள் அடைத்துவிட்டேன். பெட்டியில் "வெப்பத்திலிருந்து பாதுகாப்பு" என்று அச்சடித்திருக்கிறது. பாதத்துக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. அதை எழுதியிருக்க வேண்டும்.

இப்போது ஷூ போட்டாலும் போடாவிட்டாலும், தரையில் என் புறங்கையை வைத்து ஏழு எண்ணுகிறேன். எண்ணி முடிக்குமுன் கையை எடுக்கத் தோன்றினால் அவள் இறங்கக் கூடாது.

மதுரை வந்ததும் ஷூவைப் பிரித்துப் போட்டேன். பட்டைக்குப் பெட்டித் தையல் போட்டேன். கணுக்காலில் மணல் ஏறாமல் இருக்க இரண்டு இஞ்சுக்கு மெல்லிய எலாஸ்டிக் துணியில் ஒரு கழுத்து வைத்தேன், இறுக்காமல், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. முன்காலில் கொஞ்சம் மேலே தனியாக ஒரு நகம் இருக்கும், பட்டை அதில் உரசித் தோல் வழன்றிருந்தது. அங்கே பழைய பனியன் துணியை உள்ளே கொடுத்துத் தைத்தேன். இந்த மூன்றும் கம்பெனியே செய்து கொடுத்தால் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

அதைவிட உபயோகமாக ஆனது நான் தைத்த தூளி. காடாத் துணி இரண்டு மடிப்பு, நடுவில் பழைய யோகா பாயை வெட்டி வைத்த அடி, தோளில் குறுக்காக மாட்ட அகலப் பட்டை. டாஷண்டுக்கு முதுகு நீளம், எலும்புக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கும் நோய் இந்த ஜாதிக்கு அதிகம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். முன்னால் மட்டும் தாங்கித் தூக்கினால் பின்பக்கம் தொங்கி முதுகில் பாரம் விழும். தூளியில் அடி மட்டமாக இருப்பதால் படுத்த வாக்கில் வருகிறாள்.

ஆடியில் மறுபடி போனோம். இந்தத் தடவை விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, ஏழு மணிக்குத் தேரியில் இருந்தோம். மணல் குளிர்ந்து கிடந்தது, புறங்கை சோதனையில் இருபதுவரை எண்ணினேன். ஷூ போட்டு இறக்கினேன். நெருஞ்சி முள் ஏழெட்டு சோலில் குத்தி நின்றது, ஒன்றுகூட உள்ளே வரவில்லை. உடைமுள் வேறு விஷயம். வெள்ளையாக, விரல் நீளத்துக்கு இருக்கும் அது பக்கவாட்டு வலைத்துணியில் நேராக ஏறிவிட்டது. நல்லவேளை, தோலில் கீறலோடு போயிற்று. உடைமரம் இருக்கிற பக்கம் இந்த ஷூவை நம்பாதீர்கள்.

ஆடிக் காற்றில் இன்னொன்றும் பார்த்தேன். மணல் தரையை ஒட்டித்தான் ஓடுகிறது, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. எனக்குக் கெண்டைக்காலில் சுருக் சுருக்கென்று பட்டது, கருப்பட்டிக்கு அது முகத்திலேயே அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒண்டினாள். அரை மணி நேரத்தில் தூளிக்குள் ஏற்றிவிட்டேன். கண்ணைச் சுத்தத் தண்ணீரில் கழுவினோம், பிரச்சினை எதுவும் வரவில்லை. தூளியிலிருந்து தலையை நீட்டி, காற்றைப் பிடித்து மோந்துகொண்டே வந்தாள். கோயில் பக்கம் அதே ஆச்சியைத் தேடினேன், அவர் வந்திருக்கவில்லை.

பராமரிப்பு பற்றி ஓரிரு வார்த்தை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் காற்றாட விடுங்கள். ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கு புண்ணாகும், நாற்றமும் வரும். துவைத்து நிழலில் காயப்போட்டால் வலைத்துணி அப்படியே இருக்கிறது. கழற்றியதும் விரலிடுக்கில் உண்ணி பாருங்கள், தேரிப் புல்லில் இரண்டு எடுத்தேன். ஒரு வருடத்தில் முன்னங்கால் சோல் பாதிக்குப் பாதி தேய்ந்திருக்கிறது, பின்னங்கால் இரண்டும் புதிது போலவே இருக்கின்றன. முன்னுக்கு மட்டும் ஒரு ஜோடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, கடைத் தம்பி மறுபடியும் ஒரு செட்டைப் பிரித்து 340 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற பங்குனிக்குள் வாங்கி, பட்டையைப் பிரித்துப் பெட்டித் தையல் போட்டு வைக்க வேண்டும்.