வந்தாறுமூலையா, மொறட்டுவையா?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்ததும் மட்டக்களப்புப் பிள்ளைகள் கேட்பது: வழங்கல் சங்கிலி முகாமைத்துவம், அதாவது சரக்கை வாங்கி, களஞ்சியப்படுத்தி, கொண்டுசேர்ப்பதை நிர்வகிக்கும் பாடம், படிக்க எங்கே போவது?

பாடம்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸுக்கென்றே தனிப் பட்டம். வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொது முகாமைத்துவம்; வழங்கல் சங்கிலி அதில் ஒரு பகுதிதான்.

செலவு: இரண்டும் அரச பல்கலைக்கழகங்கள், படிப்பு இலவசம். மொறட்டுவையில் போர்டிங் காசு கடிக்கும். வந்தாறுமூலைக்கு ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம்.

வேலை: கொழும்புத் துறைமுகம் மொறட்டுவைக்குப் பக்கம். நமக்குப் பக்கத்து ஒலுவில் துறைமுகத்தை மணல் அடைத்த கதைதான் தெரியுமே!

கப்பல், கொள்கலன் என்று போக ஆசையா? இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) இடம் கொடுத்தால் யோசிக்காமல் மொறட்டுவை. வீட்டில் அரிசி ஆலை இருக்கிறதா? அறுவடையில் எத்தனை மூட்டை நெல் வாங்கி, எவ்வளவு காலம் களஞ்சியத்தில் வைப்பது என்பதுதான் கேள்வியென்றால் வந்தாறுமூலை போதும். அப்புறம் சிஐபிஎஸ் (கொள்வனவு, வழங்கலுக்கான பிரிட்டிஷ் தொழில்முறை நிறுவனம்) பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதலாம்.