மேட்ரிமோனி ஆப் பிரீமியம் பேக்கேஜ்: பணம் கட்டலாமா?

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பெரிய பயன் கிடையாது, தங்கைக்கு வரன் பார்க்க மூன்று நான்கு தளங்களைத் திறந்து பார்த்துவிட்டேன், லோகோவும் கலரும்தான் வேறு, உள்ளே கேட்கிற கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றேதான். பணம் கட்டியது ஒன்றுக்கு மட்டும், அதுவும் மாப்பிள்ளை தேட ஆள் வைத்துத் தருகிறோம் என்று சொன்ன பெரிய பேக்கேஜுக்கு.

தங்கைக்கு 29 வயசு, கிண்டியில் வேலை, பெரம்பூரில் அம்மா அப்பாவோடு இருக்கிறாள். அப்பாவுக்கு ஓடிபி வந்தாலே பயம் என்பதால் அக்கவுன்ட் என் போனில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டோவைப் பூட்டி வைக்கலாம், நாம் சரி என்றால்தான் எதிர்ப்பக்கம் தெரியும். போன் நம்பரும் அப்படியே. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் 'ஹாய் டியர்' அனுப்பிய ஒருவனைப் பற்றிப் புகார் கொடுத்தேன், மறுநாளே அவன் புரொஃபைல் காணாமல் போனது. எனக்குப் பார்த்த காலத்தில் தரகர் கையில் கொடுத்த போட்டோவும் ஜாதக ஜெராக்ஸும் எந்தெந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ என்று அம்மா ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தொல்லை இதில் இல்லை, இதற்கே ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம்.

இனி படிவம். 'கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக விருப்பமா' என்று பெண்ணிடம் கேட்கிறது. தம்பிக்கும் ஒரு அக்கவுன்ட் திறந்து பார்த்தேன், அவனிடம் இந்தக் கேள்வி வரவே இல்லை. சமைக்கத் தெரியுமா என்பதும் பெண் பக்கத்தில்தான். வயது, உயரம், சம்பளம் மூன்றிலும் மாப்பிள்ளை ஒரு படி மேலே இருக்கிற மாதிரி ஆப்பே முன்கூட்டி நிரப்பி வைத்திருக்கிறது, மாற்ற வேண்டுமானால் நாம் தேடிப் போய் மாற்ற வேண்டும். சாதி பரவாயில்லை என்று ஒரு டிக் உண்டு, ஆனால் அந்த டிக்கைப் போட்டுவிட்டு வந்தாலும் அடுத்த பக்கத்தில் உட்பிரிவு வரை கேட்டுவிட்டுத்தான் விடுகிறது. சுயமரியாதைத் திருமணம் 1967ல் சட்டம் போட்டு செல்லுபடியாக்கிய மாநிலம் இது, எப்படிக் கல்யாணம் செய்ய விருப்பம் என்ற இடத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. ஜாதகத்துக்கு மட்டும் தனிப் பக்கம், தோஷத்துக்கு தனி ஃபில்டர்.

ஆப்பை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. தங்கையை விடக் கொஞ்சம் குறைவாகச் சம்பாதிக்கிற, பேசிப் பார்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு பையனை 'அது சரிப்படாதுடி' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியது எங்கள் அம்மாதான்.

பேக்கேஜின் முக்கியமான சரக்கே வாரா வாரம் போன் செய்யும் ரிலேஷன்ஷிப் மேனேஜர். இளம்பெண், நன்றாகப் பேசினார். தங்கை 'என்னைப் பற்றி' பகுதியில் தான் ஃபெமினிஸ்ட் என்றும், சமையலும் வீட்டு வேலையும் இருவருக்கும் பொது என்றும், கல்யாணத்துக்கு அப்புறமும் பெற்றோர் வீட்டுக் கடனில் தன் பங்கைக் கட்டுவேன் என்றும் எழுதியிருந்தாள். 'மேடம், அந்த மூணு வரியை மட்டும் எடுத்துட்டா ரெஸ்பான்ஸ் நல்லா வரும், எனக்கும் இதெல்லாம் சரின்னுதான் தோணுது, ஆனா பையனோட அம்மாங்கதான் புரொஃபைலைப் படிக்கிறாங்க' என்றார். தங்கை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். வந்த வரன்கள் குறைந்தது உண்மை. ஆனால் அதற்கு அப்புறம் வந்தவர்களோடு பேசுவது எளிதாக இருந்தது, சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆப் கொடுத்த எந்த ஃபில்டரையும் விட இந்த மூன்று வரி உருப்படியாக வேலை செய்தது.

பையன்கள் பேச்சு மாறியிருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 'சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவன்' என்று எழுதாத புரொஃபைல் இப்போது அபூர்வம். அதில் பாதிப் பேர் நிஜமாகவே காபி போடுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேரிடம் வேளச்சேரியில் தனியாக வீடு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள்.

சொத்துப் பேச்சு வந்த விதம்தான் எனக்கு நிஜமாகவே புதுசு. வரதட்சணை கேட்பது 1961லிருந்து குற்றம், ஆப்பிலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எச்சரிக்கை ஓடுகிறது, யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. பதிலாக ஒரு பையனின் அம்மா ரொம்பச் சாதாரணமாக, 'ஏம்மா, பெரம்பூர் வீடு உங்க மூணு பேருக்கும் சமமாத்தானே?' என்றார். மகளுக்கும் மகனுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929ல். பூர்வீகச் சொத்தில் அது தமிழ்நாட்டுச் சட்டமானது 1989ல், அதிலும் அதற்கு முன்பே கல்யாணமாகியிருந்த பெண்களுக்குக் கிடையாது. எங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் 1988ல், அதனால் அவளுக்கு 2005ல் மத்திய சட்டம் திருத்தும் வரை வழியில்லை, அதற்குள் மாமாக்கள் பத்திரம் போட்டுப் பாகம் பிரித்து முடித்திருந்தார்கள். இவ்வளவு சுற்றி வந்து சேர்ந்த உரிமையை மாப்பிள்ளை வீட்டார் சீர்க் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! 'வீடு சமம்தான் ஆன்ட்டி, அவ பங்கு அவ பேர்லயே இருக்கும்' என்றேன். அப்புறம் அழைப்பு வரவில்லை.

அரசாங்கமே தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கிவிட்டது. எங்கள் தெருவில் பூ விற்கிற அக்காவின் மகள் அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்குகிறாள், கல்யாணம் எப்போ என்று கேட்டால் 'டிகிரி முடியட்டும்மா' என்று அந்த அக்காவே சொல்கிறார். ஆப்போ இன்னும் 'அடக்கமான, குடும்பப் பாங்கான பெண்' என்று எழுதிக் கொடுக்கிறது, தானாக! 'என்னைப் பற்றி' பகுதியைக் காலியாக விட்டால் அந்த வாசகம் நிரம்பிக்கொள்ளும். பார்த்து அழித்துவிடுங்கள்.

சேவையில் எரிச்சலூட்டியவை இன்னும் சில. தங்கைக்குப் பொருத்தமே இல்லாத வரன்களை எண்ணிக்கைக்காக அனுப்பினார்கள். புரொஃபைலைப் பார்த்துக்கொள்வது அக்கா என்று போட்டிருந்தும் 'அப்பாகிட்ட பேசலாமா' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வயது 30ஐ நெருங்குகிறது, இப்போதே பேக்கேஜை நீட்டித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மெசேஜ் வந்தது, அதற்காகவே நான் கொடுக்க நினைத்த ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டேன்.

ஐந்துக்கு இரண்டு. போட்டோ பூட்டுக்கு ஒன்று, அந்த மேனேஜர் பெண்ணுக்கு ஒன்று.

நாங்கள் புதுப்பிக்கவில்லை, இலவசக் கணக்கை வைத்திருக்கிறோம், தங்கை தானே பார்த்துக்கொள்கிறாள், ஒருவரோடு பேச்சும் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாதக் கடைசி வரை பொறுங்கள், டார்கெட் நெருக்கடியில் தள்ளுபடி அவர்களே சொல்வார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள், அது செட்டிங்ஸில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.